ஏதென்ஸ் வாக்கிங் டூர், 2023 ஜூலை 14: வெயில்ல ரூட்டை மாத்தின ஒரு நாள்

பின்னணி

2023 ஜூலை நடுவுல கிரீஸ்ல பெரிய வெப்ப அலை ஓடிட்டு இருந்துச்சு, அந்த வெள்ளிக்கிழமை ஏதென்ஸ்ல 40 டிகிரி தாண்டும்னு முந்தின நாளே சொல்லிட்டாங்க. எங்க குரூப்ல 18 பேர், நாலஞ்சு நாட்டுக்காரங்க கலந்தது, பாதிக்கு மேல அறுபதை தாண்டினவங்க. நான் டூர் லீடரா போயிருந்தேன். கிரீஸ்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், தொல்லியல் இடங்களுக்குள்ள நின்னு விளக்கம் சொல்ல அரசாங்க லைசென்ஸ் உள்ள கைடுக்கு மட்டும்தான் உரிமை, டூர் லீடர் ஆள் எண்ணலாம், டிக்கெட் குடுக்கலாம், தண்ணி வாங்கி தரலாம், ஆனா அக்ரோபோலிஸ் பாறை மேல இருக்குற பார்த்தினான் கோயில் முன்னாடி நின்னு கதை சொல்ல கூடாது. அதனால எங்களோட உள்ளூர் கைடு ஒருத்தங்க இருந்தாங்க, பல வருஷ அனுபவம். இந்த விதி பின்னாடி நாங்க எடுத்த ஒரு முடிவுக்கு நேரா சம்பந்தப்பட்டதுங்கறதால முன்னாடியே சொல்லி வைக்கிறேன்.

கம்பெனி அச்சடிச்சு குடுத்த ரூட்டு இது. காலைல 9 மணிக்கு சிண்டாக்மா சதுக்கத்துல காவலர் மாறுறத பாக்கறது, அப்புறம் தேசிய பூங்கா வழியா நடந்து ஹேட்ரியன் வளைவு, ஒலிம்பிய ஜூஸ் (Zeus, கிரேக்க கடவுள்) கோயில், அங்கிருந்து அக்ரோபோலிஸ் அடிவாரத்து நடைபாதை தெரு, தெற்கு சரிவுல டயோனிசஸ் தியேட்டர், மேல ஏறி பார்த்தினான், இறங்கி அரியோபாகஸ் பாறை, பண்டைய அகோராங்கற பழைய சந்தைத் திடல், கடைசில பிளாக்காங்கற பழைய பேட்டைல மத்தியான சாப்பாடு. மேப்புல பாத்தா அழகான வட்டம், ஒரு இடமும் திரும்பி வராது. ஆனா மணி போட்டு பாத்தா அக்ரோபோலிஸ் பாறை மேல ஏறுறது பதினொன்றரைக்கு, அரியோபாகஸ் ஒரு மணிக்கு. ஏதென்ஸ்ல கோடைல சூரியன் உச்சிக்கு வர்றது கடிகாரத்துல 12 மணிக்கு இல்ல, கிட்டத்தட்ட ஒன்றரைக்குதான், அதனால 'மதியத்துக்கு முன்னாடி முடிச்சுடுவோம்'ங்கற கணக்கு அங்க வேலைக்கு ஆகாது, ரெண்டு மணிக்கு மேலயும் சூடு ஏறிட்டேதான் இருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம்

ஹோட்டல் லாபில கைடு வந்து பேசுனாங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, ரூட்டை தலைகீழா திருப்பி அக்ரோபோலிஸ் பாறையை முதல்ல முடிச்சுடலாமா, கேட் திறக்குறது காலைல 8 மணி. அப்ப நேர ஸ்லாட்டு எல்லாம் கிடையாது, எங்ககிட்ட இருந்தது 30 யூரோ கூட்டு டிக்கெட், அஞ்சு நாள் செல்லும், அக்ரோபோலிஸ், அகோரா, ஜூஸ் கோயில் எல்லாம் அதுலயே அடக்கம், எந்த மணிக்கு வேணா போகலாம். அதனால டிக்கெட் தடை இல்ல.

தடை இருந்தது ஆளுங்ககிட்டதான். ரெண்டு மூணு பேருக்கு காவலர் மாறுற நிகழ்ச்சி கண்டிப்பா வேணும், அந்த குஞ்சம் வச்ச செருப்பு போட்ட எவ்சோன் வீரர்கள பாக்கத்தான் வந்தோம்னாங்க. ஒரு தம்பதி, ஹோட்டல் காலை சாப்பாடு 7 மணிக்குதான் ஆரம்பிக்குது, அவசரமா சாப்பிட முடியாதுன்னாங்க. இந்த ரெண்டாவது ஆட்சேபணை சில்லறையா தெரியும், ஆனா வயசானவங்கள வெறும் வயித்துல மலை ஏத்த கூடாதுங்கறதும் நியாயம்தானே. கடைசில முடிவானது: பாறை முதல்ல, காவலர் மாறுறது மணிக்கு ஒரு தடவை நடக்குறதால வேண்டியவங்க ராத்திரி தனியா போய் பாத்துக்கலாம், 7:50க்கு ஹோட்டல விட்டு கிளம்பறது. ஆபீஸுக்கு போன் பண்ணி சொன்னப்ப அவங்க சரின்னாங்க, ஆனா விளம்பரத்துல போட்ட எந்த இடத்தையும் விட கூடாதுன்னும் சேத்து சொன்னாங்க.

எந்த கேட்?

அக்ரோபோலிஸுக்கு ரெண்டு நுழைவு இருக்கு. மேற்கு பக்கம் மெயின் கேட், தென்கிழக்குல அக்ரோபோலி மெட்ரோ பக்கம் இன்னொண்ணு. மேற்கு கேட்டுக்கு காலைல ஒரு நல்ல குணம் உண்டு, சூரியன் கிழக்குல இருக்கறதால பாறையும் புரோபிலேயா வாயில் கட்டடமும் சேந்து அந்த பக்கத்துக்கு நிழல் போடும். ஆனா பைரியஸ் துறைமுகத்துல கப்பல் வந்த நாள்ல பஸ் பஸ்ஸா ஆளு அங்கதான் கொட்டும். தென்கிழக்கு கேட்டுல வரிசை சின்னது, ஆனா தெற்கு சரிவு முழுக்க காலைலயே வெயில் வாங்கும்.

கைடு தென்கிழக்க எடுத்தாங்க. காரணம், வெயில்ல இருபது நிமிஷம் நடக்குறத விட வெயில்ல நாப்பது நிமிஷம் நிக்கிறது மோசம், நடக்கறப்ப காத்தாவது அடிக்கும், வேணும்னா ஒரு மரத்தடில ஒதுங்கலாம், வரிசைல நின்னா இடம் போயிடும்னு யாரும் நகர மாட்டாங்க. இது சரியான யோசனைன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா ரெண்டு பாதையும் மேல போய் ஒண்ணா சேருற இடத்துல நெரிசல் ஆகும், அத எந்த கேட்டும் தவிர்க்காது.

ஏறும்போது பாத்தது

ஹோட்டல்லயே தாமதமாகி கேட்டுக்குள்ள போறப்ப மணி எட்டே முக்கால். டயோனிசஸ் தியேட்டர்ல ஒரு நிறுத்தம், ஈஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிபிடிஸ் நாடகங்க எல்லாம் முதன்முதலா அரங்கேறின இடம். அங்க குரூப் நல்லா உற்சாகமா இருந்துச்சு. குறிப்பா எழுபது தாண்டின ஒரு அம்மா, கேள்வி மேல கேள்வி கேட்டாங்க, முன்வரிசை கல் நாற்காலி யாருக்கு, பொம்பளைங்க நாடகம் பாக்க வந்தாங்களா, இப்படி. வந்ததுல இருந்தே குரூப்ல அவங்கதான் அதிகம் பேசுறவங்க.

அடுத்த நிறுத்தம் ஹெரோடெஸ் அட்டிகஸ் ஓடியான்ங்கற பழைய இசை அரங்கத்துக்கு மேல, கி.பி. 161 வாக்குல கட்டினது, 2025 வரைக்கும் கோடைல கச்சேரி நடந்துச்சு. மேல இருந்து பாக்க அருமையான இடம், அதனால கைடு அங்க நின்னு நீளமா பேசுனாங்க, பத்து நிமிஷத்துக்கு மேலயே இருக்கும், நிழல் சுத்தமா இல்ல. நல்லா பேசுறவங்க, கேட்டுட்டே இருக்கலாம், அதுதான் சிக்கலே, சலிப்பா பேசியிருந்தா ஆளுங்க தானா ஒதுங்கி நிழல் தேடியிருப்பாங்க. இந்த இடத்துல அந்த அம்மா ஒரு கேள்வி கூட கேக்கல. அவங்க வீட்டுக்காரரு பேப்பர் மேப்பால அவங்களுக்கு விசிறிட்டு இருந்தாரு. அதே நேரம் இன்னொருத்தர், முழங்கால் ஆபரேஷன் ஆனவரு, கைத்தடிய ஊனி ஊனி பின்னாடி வந்துட்டு இருந்தாரு, என் கவனம் முழுக்க அவர் மேலதான். வெளில தெரியுற கஷ்டம் அவருக்கு, தெரியாத கஷ்டம் இந்த அம்மாவுக்கு.

புரோபிலேயா படிக்கட்டு கிட்ட போறப்ப மணி ஒன்பதரை. மெனிசிக்லிஸ் கி.மு. 437ல ஆரம்பிச்ச வாயில் இது, ஊர்வலம் போறதுக்குன்னு திட்டம் போட்டது, ஆனா இன்னைக்கு ஏறுற கூட்டம், செல்பி எடுக்க நிக்கிற கூட்டம், குச்சில கொடி கட்டின கைடுங்க எல்லாரும் அந்த ஒரே வழில. கால்வாசி நிமிஷத்துக்கு ஒரு படி ஏறுற மாதிரி ஆயிடுச்சு. கால் பட்டு பட்டு வழவழன்னு ஆன கல்லு வேற.

படிக்கட்டுல நடந்தது

பாதி ஏறினப்ப அந்த அம்மா உக்காந்துட்டாங்க. முகம் வெளுத்து, வியர்வை கொட்டுது, குமட்டுதுன்னு சொன்னாங்க. ஒரு காவலர் விசில் அடிச்சு 'உக்கார கூடாது'ன்னு சைகை காட்டினாங்க, கைடு கிரேக்கத்துல ரெண்டு வார்த்தை சொன்னதும் அவங்களே வந்து கூட்டத்தை ஒதுக்கி வழி பண்ணி குடுத்தாங்க.

முதல்ல பாத்தது, இது வெறும் வெப்பச் சோர்வா இல்ல வெப்பத் தாக்கான்னு. பேர் கேட்டோம், என்ன ஊர்ல இருக்கோம்னு கேட்டோம், தெளிவா பதில் வந்துச்சு, கொஞ்சம் எரிச்சலோடவே வந்துச்சு. தோல் ஈரமா இருந்துச்சு. குழப்பமான பேச்சோ, காய்ஞ்சு கொதிக்கிற தோலோ, மயக்கமோ இருந்தா ஒரு வினாடி யோசிக்காம 112க்கு இல்ல ஆம்புலன்ஸ் நம்பர் 166க்கு போன் போடணும். இங்க அது இல்ல, அதனால நிழல், கால தூக்கி வைக்கிறது, ஈரத்துணி, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி, இருபது நிமிஷம் பாக்கலாம், மாறலைன்னா போன்னு கைடும் நானும் பேசிக்கிட்டோம்.

நிழல் எங்கன்னு தேட வேண்டியதே இல்ல, வாயில் கட்டடத்தோட மேற்கு முகப்பு அந்த நேரத்துல நல்ல நிழல்ல இருந்துச்சு. படிக்கட்டு ஓரத்துல படுக்க வச்சு பைய காலுக்கு கீழ வச்சோம், கழுத்துலயும் கைலயும் ஈரமான ஸ்கார்ப்.

அப்பதான் வீட்டுக்காரரு ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, அவங்க பிபிக்கு நீர் பிரியுற மாத்திரை எடுக்குறாங்க, காலைலயும் எடுத்தாங்க. ரெண்டு, காலைல இருந்து அரை டம்ளர் தண்ணி கூட குடிக்கல, ஏன்னா மலை மேல டாய்லெட் எங்க இருக்குன்னு தெரியாது, குரூப்ப நிறுத்தி கேக்க கூச்சம். டூர் வேலை பாக்குறவங்க இந்த ரெண்டாவத நல்லா மனசுல வச்சுக்கணும். 'தண்ணி நிறைய குடிங்க'ன்னு நாம நூறு தடவை சொல்லுவோம், டாய்லெட் எங்கன்னு ஒரு தடவை கூட சொல்ல மாட்டோம், அப்புறம் அந்த பாட்டில் பைக்குள்ளயே கிடக்கும்.

மேலயா, லிப்டா, கீழயா?

இருபது நிமிஷத்துல நிறம் திரும்பிடுச்சு, குமட்டல் போயிடுச்சு. இப்ப மூணு வழி இருந்துச்சு.

இன்னும் பதினஞ்சு இருவது படிதான், பார்த்தினான பாத்துட்டே போயிடுறேன்னு அந்த அம்மாவே கேட்டாங்க. ஆசை புரியுது, எவ்வளவு காசும் கனவும் போட்டு வந்திருப்பாங்க. ஆனா மேல சமதளத்துல ஒதுங்க நிழல் இல்ல, வெள்ளை கல்லு கீழ இருந்தும் வெயில திருப்பி அடிக்கும், கோயிலுக்குள்ள போகவும் விட மாட்டாங்க. அது வேணாம்னு முடிவு.

லிப்டு வழி ஒண்ணு இருக்கு, 2020 கடைசில வடக்கு பக்கம் பாறை ஓரமா புதுசா போட்டது, நடக்க முடியாதவங்களுக்கானது. காவலரே அத சொன்னாங்க. ஆனா அதுக்கு போகணும்னா முதல்ல மேல ஏறி வெயில்ல நடந்து போகணும், அதனால வந்த வழில நிழல்லயே இறங்குறது மேல்னு தோணுச்சு.

கீழ இறங்குறதுன்னா யார் கூட போறது? கைடு போனா மீதி பேருக்கு உள்ள விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, முன்னாடி சொன்ன விதி அதுதான். அதனால நான், அந்த தம்பதி, முழங்கால்காரரு நாலு பேரும் கீழ, மத்தவங்க கைடோட மேல. முழங்கால்காரர கூப்பிட்டப்ப அவருக்கு கோவம், நான் நல்லாதான் இருக்கேன்னாரு. ஏறுறதுல அவருக்கு பிரச்சனை இல்லதான், ஆனா பாலிஷ் போட்ட மாதிரி இருக்குற கல்லுல இறங்குறது முழங்காலுக்கு ஏறுறத விட கெட்டது, வெயில் ஏற ஏற கூட்டமும் ஏறும், இப்பவே மெதுவா இறங்கிடலாம்னு சொன்னேன். அரை மனசோட வந்தாரு. கைடு மேல வர்றவங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டாங்க: மேல நாப்பது நிமிஷம்தான், கதை எல்லாம் கீழ மியூசியத்துல, இங்க கண்ணால பாருங்க, போட்டோ எடுங்க, நடந்துட்டே இருங்க.

மியூசியத்துல

மேற்கு கேட் வழியா கூட்டத்துக்கு எதிரா மெதுவா இறங்கி, பஸ் நிக்கிற வளைவுல டாக்சி பிடிச்சு, அக்ரோபோலிஸ் மியூசியத்துக்கு போயிட்டோம். அடிவாரத்து தெரு நடைபாதைங்கறதால டாக்சி சுத்திதான் போகும், தூரம் கம்மி, ஆனா அந்த தூரத்த அப்ப அவங்கள நடக்க விட முடியாது. மியூசியத்துக்கு டிக்கெட் தனி, கூட்டு டிக்கெட்ல வராது.

2009ல திறந்த கட்டடம், முழுக்க ஏசி. நுழைஞ்சதும் கண்ணாடி தரை, கீழ தோண்டி எடுத்த பழைய தெருவும் வீடும் தெரியும். காபி கடைல உக்கார வச்சு உப்பு பிஸ்கட்டும் தண்ணியும் குடுத்து, அரை மணி கழிச்சு லிப்டுல நேரா மூணாவது மாடி. அந்த மாடிய பார்த்தினான் எந்த திசைல நிக்குதோ அதே திசைக்கு திருப்பி கட்டியிருக்காங்க, சுத்தி கண்ணாடி, ஒரு பக்கம் நிஜ கோயில், இந்த பக்கம் அதோட 160 மீட்டர் சிற்ப வரிசை அதே ஒழுங்குல. மஞ்ச தட்டின பழைய கல்லு நிஜம், வெள்ளை வெளேர்னு இருக்குறது பிளாஸ்டர் நகல், அதோட அசல்ல பெரும்பகுதி எல்ஜின்ங்கற பிரிட்டிஷ் பிரபு பெயர்த்துட்டு போனது, லண்டன்ல இருக்கு. விளக்கம் சொல்ல கைடு இல்லாம அங்க இருந்த பலகைகள படிச்சே அந்த அம்மா இத கண்டுபிடிச்சு வீட்டுக்காரருக்கு சொல்லிட்டு இருந்தாங்க. கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னதும் எனக்கு பாதி நிம்மதி.

பதினொன்றுக்கு முன்னாடி மத்தவங்களும் கைடோட வந்து சேந்துட்டாங்க. அவங்க மேல எரெக்தியான்ங்கற இன்னொரு கோயில்ல பாத்த பொம்பளை சிலைத் தூண்கள் எல்லாம் நகல், அசல் அஞ்சு இங்க மியூசியத்துலதான், ஆறாவது லண்டன்ல. 1687ல வெனிஸ்காரங்க குண்டு விழுந்து உள்ள இருந்த வெடிமருந்து வெடிச்ச கதை, கி.மு. 447ல ஆரம்பிச்ச கட்டட வேலை, எல்லாத்தையும் கைடு ஏசில, உக்கார பெஞ்சு இருக்குற இடத்துல நிதானமா சொன்னாங்க.

மதியம் 12க்கு மேல

நாங்க உள்ள இருக்கறப்பவே செய்தி வந்துச்சு, வெயில் காரணமா அக்ரோபோலிஸ 12ல இருந்து 5 மணி வரைக்கும் மூடுறாங்கன்னு. மேல வரிசைல நின்னவங்களுக்கு செஞ்சிலுவை ஆளுங்க தண்ணி பாட்டில் குடுத்துட்டு இருந்தாங்க. பழைய ரூட்டு படி போயிருந்தா எங்க 18 பேரும் சரியா அந்த நேரத்துல சரிவுல பாதி வழில இருந்திருப்போம்.

அடுத்த முடிவு, அகோராவ என்ன பண்றது. அப்பவே போகலாம்னு சிலர், மரம் இருக்கேன்னு வாதம். இருக்கு, ஆனா மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல வெட்டவெளி. கைடுக்கு மதியத்தோட நேரம் முடியுது, சாயங்காலத்துக்கு தனி கட்டணம் ஆகும், ஆபீஸ்ல பேசி அத ஒத்துக்க வச்சோம். எல்லாரையும் ஹோட்டலுக்கு அனுப்பி தூங்க விட்டுட்டு ஆறு மணிக்கு திசியோ மெட்ரோல சந்திச்சோம்.

அகோராவுல சுத்தின அந்த ஒண்ணேகால் மணி நேரம்தான் அன்னைக்கு நடந்ததுலயே நல்ல பகுதி. ஹெபைஸ்டஸ் கோயில் பாக்க அவ்வளவு முழுசா நிக்குது, சாய்ஞ்ச வெயில்ல கல்லு தேன் நிறம். அட்டலோஸ் ஸ்டோவா, பெர்காமோன் அரசர் ரெண்டாம் அட்டலோஸ் கி.மு. ரெண்டாம் நூற்றாண்டுல ஊருக்கு கட்டி குடுத்த ரெண்டு மாடி தூண் மண்டபம், 1950கள்ல அமெரிக்க தொல்லியல் பள்ளிக்காரங்க பழைய அஸ்திவாரத்து மேலயே திரும்ப கட்டினது. உள்ள போனதும் சட்டுன்னு குளிர்ச்சி. கடை, வியாபாரம், பேச்சு எல்லாம் இந்த நிழல்லதான் நடந்துச்சுன்னு கைடு சொன்னப்ப யாருக்கும் தனியா விளக்க வேண்டியிருக்கல. அந்த அம்மா ஹோட்டல்லயே இருந்துட்டாங்க, மறுநாள் காலைல நல்லா இருந்தாங்க, டாக்டர பாக்க வேண்டிய அவசியம் வரல, அவங்க ஊர் டாக்டர்கிட்ட போன்ல மாத்திரை நேரத்த பத்தி கேட்டுக்கிட்டாங்க.

எல்லாருக்கும் திருப்தின்னு சொல்ல முடியாது. ஜூஸ் கோயிலும் அரியோபாகஸ் பாறையும் அன்னைக்கு விட்டுப்போச்சு. ஜூஸ் கோயிலோட 104 தூண்ல 15 நிக்குது, 1852 புயல்ல விழுந்த ஒண்ணு அப்படியே துண்டு துண்டா சரிஞ்சு கிடக்குது, அத பாக்கணும்னுதான் வந்தேன்னு ஒருத்தர் எழுத்துலயே புகார் குடுத்தாரு. நியாயமான புகார்தான், விளம்பரத்துல இருந்துச்சே. டிக்கெட் அஞ்சு நாள் செல்லுங்கறதால மறுநாள் காலைல கைடு இல்லாம அவர நான் கூட்டிட்டு போனேன், ஆனாலும் விளக்கம் இல்லாததுக்கு கம்பெனி கொஞ்சம் பணம் திருப்பி குடுத்துச்சு.

இனி மாத்துறது

முன்பதிவு பாரத்துல 'உடல்நல பிரச்சனை உண்டா'ன்னு ஒரு வரி இருந்துச்சு, எல்லாரும் இல்லன்னு போடுவாங்க. இப்ப நேரா கேக்குறோம், நீர் பிரியுற மாத்திரை எடுக்குறீங்களா, படிக்கட்டு இறங்க கைப்பிடி வேணுமான்னு. புறப்படறதுக்கு முன்னாடி எந்த இடத்துல எத்தனை மணிக்கு டாய்லெட் நிறுத்தம்னு அறிவிச்சுடுறோம், மலை ஏறுறதுக்கு முன்னாடி கட்டாயமா ஒண்ணு.

கைடு பேச்ச மலைக்கு முன்னாடியே முடிக்கச் சொல்றோம். இதுக்கு நல்ல இடம் எதிர்ல பிலோபாப்பு குன்று பாதை, 1950கள்ல பிகியோனிஸ்ங்கற கட்டடக் கலைஞர் பழைய வீடுகள் இடிச்ச கல்ல பொறுக்கி பதிச்சு போட்ட வழி, பைன் மரமும் ஆலிவ் மரமும் உண்டு, உக்கார இடம் உண்டு, பார்த்தினான் முழுசா கண்ணு முன்னாடி. அங்க இருபது நிமிஷம் உக்காந்து கதை கேட்டுட்டு போனா மேல நின்னு கேக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. சில கைடுங்களுக்கு இது பிடிக்கல, கல்ல காட்டி பேசுறதுதான் தொழில்னாங்க, அந்த வாதத்துலயும் விஷயம் இருக்கு. மே மாசத்துல, அக்டோபர்ல அப்படியே பண்ணட்டும்.

பெரிய மாற்றம் எங்க கைல இல்லாதது. 2023 செப்டம்பர்ல இருந்து அக்ரோபோலிஸுக்கு நாளைக்கு 20,000 பேர்தான்னு உச்சவரம்பு, மணி வாரியா ஸ்லாட்டு. கேட் வரிசை சீரானதுல சந்தேகமே இல்ல. 2025 ஏப்ரல்ல கூட்டு டிக்கெட்டையும் எடுத்துட்டாங்க, பாறைக்கு மட்டும் 30 யூரோ, மத்த இடத்துக்கு தனித்தனி. இதனால முந்தின நாள் சாயங்காலம் லாபில உக்காந்து ரூட்ட திருப்புறதுங்கற வசதி போயிடுச்சு, அந்த வெள்ளிக்கிழமை எங்கள காப்பாத்துன முடிவே இன்னைக்கு எடுக்க முடியாது. அதனால முடிவு பல வாரம் முன்னாடி புக்கிங்லயே எடுக்க வேண்டியதா இருக்கு: ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் 8 மணி ஸ்லாட்டு, அது கிடைக்கலன்னா சாயங்கால ஸ்லாட்டு. ரெண்டும் இல்லாம 11 மணி, 12 மணின்னுதான் மிச்சம் இருந்தா, அந்த குரூப்புக்கு பாறை ஏத்தம் இல்ல, மியூசியமும் சாயங்கால அகோராவும் மட்டும்னு விளம்பரத்துலயே எழுதி அதுக்கேத்த விலைக்கு விக்கிறோம்.